பாளயத்துக்கு வெளியே

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் கிடைத்தது. விவாகரத்துக்குப் பிறகு கோயிலில் பலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் “கர்த்தருக்கே என்னைப் பிடிக்கவில்லையோ” என்று ஒரு வரி போட்டிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவர்கள் மேல் வந்த கோபமும் இன்னும் அடங்கவில்லை.

சரி, அவர்களை விடு. நான் இப்போது யோசுவா புத்தகம் வாசிக்கிறேன், எரிகோ ஊரில் வேசியாக இருந்த ராகாபைத் தாண்டிப் போகவே முடியவில்லை. உன்னை அவளோடு ஒப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே, உன் நிலைமை வேறு. ஆனால் ஊர் ஒதுக்கிவைத்த ஒருத்தியைக் கர்த்தர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அவளைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எரிகோவில் அவள் வீடு மதிலோடு ஒட்டி இருந்தது. ஊருக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்கிற மாதிரி. எரிகோவைப் பிடிக்க வந்த இஸ்ரவேலர் வேவு பார்க்க அனுப்பின இரண்டு பேரைக் கூரைமேல் காயவைத்திருந்த சணல் தட்டைகளுக்குள் ஒளித்துவைத்தாள், அப்புறம் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். அவர்களை இறக்குவதற்கு முன் அவள் பேசினதைத் திரும்ப வாசித்துப் பார். இஸ்ரவேலருக்காகச் சிவந்த சமுத்திரம் வற்றிப்போனதும், அவர்களிடம் தோற்ற ராஜாக்கள் சீகோனுக்கும் ஓகுக்கும் நடந்ததும் அவள் காதில் விழுந்த செய்திகள், அவ்வளவுதான். நியாயப்பிரமாணம் தெரியாது, பலி செலுத்தினதில்லை, ஒரு தீர்க்கதரிசியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதே செய்தியை எரிகோ முழுவதும் கேட்டது, பயந்தும் போனது. ‘உங்கள் தேவனே வானத்திலும் பூமியிலும் தேவன்’ என்று சொல்லி, அதற்காக உயிரைப் பணயம் வைத்தவள் அவள் ஒருத்திதான். எபிரெயர் 11-இல் ஆபிரகாம், மோசே வரிசையில் அவள் பெயரும் வருகிறது என்றால் சும்மாவா?

இன்னொன்றும் யோசித்தேன். அவள் வீட்டுக்குள் இருப்பவர்கள் மட்டும்தான் தப்புவார்கள் என்பது ஒப்பந்தம். அப்பா, அம்மா, சகோதரர்கள் எல்லாரும் அந்த வீட்டுக்கே வந்தாக வேண்டியிருந்தது. அந்த வாசற்படியை மிதிக்கக் கூசினவர்கள் அவர்களில் எத்தனை பேரோ! இஸ்ரவேலர் ஏழு நாள் ஊரைச் சுற்றி வந்தார்கள், ஏழாம் நாள் ஏழு தடவை. அத்தனை நாளும் ஜன்னலில் அந்த வீட்டுக்கு அடையாளமாகக் கட்டின சிவப்புக் கயிறு தொங்கிக்கொண்டிருக்க, வெளியே எக்காளச் சத்தம் கேட்டுக்கொண்டு ராகாபின் குடும்பத்தார் உள்ளே உட்கார்ந்திருந்ததை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் வருகிறது. யோசுவா ஆறாம் அதிகாரம் 23-ஆம் வசனத்தில், ஊர் விழுந்ததும் அவளையும் குடும்பத்தையும் காப்பாற்றிக் கொண்டுவந்து, இஸ்ரவேலின் பாளயத்துக்கு, அதாவது அவர்கள் தங்கியிருந்த முகாமுக்கு, புறம்பே விட்டார்கள் என்று இருக்கிறது. உயிர் தப்பியாகிவிட்டது, ஆனாலும் வெளியேதான் இடம். இரண்டே வசனம் தள்ளி, 25-இல், அவள் இந்நாள்வரைக்கும் இஸ்ரவேலின் நடுவிலே குடியிருக்கிறாள் என்று வருகிறது. நடுவில் எவ்வளவு காலம் ஆனது, யார் முதலில் அவளிடம் பேசினார்கள், ஒன்றும் எழுதப்படவில்லை. கர்த்தர் அவளை ஏற்றுக்கொண்டது அவள் விசுவாசித்த அன்றே. தாமதம் ஆனது ஜனங்களுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். உன் விஷயத்திலும் அப்படித்தான், எஸ்தர்.

பிறகு மத்தேயு முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரிசையைப் பார்த்தால் அவள் போவாஸின் தாய். வேற்று ஜனமான மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்தில் கண்டிப்பாக இருக்கும்போது, மோவாபியப் பெண்ணான ரூத்தை அந்தப் போவாஸ் தயங்காமல் மனைவியாக ஏற்றுக்கொள்கிறார். வெளியிலிருந்து வந்த ஒருத்தியின் வீட்டில் வளர்ந்தவருக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. ரூத்தின் கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா.

மாற்கு 5-இல் வரும் பெரும்பாடுள்ள, அதாவது தீராத உதிரப்போக்குள்ள, ஸ்திரீயும் நினைவுக்கு வந்தாள். பன்னிரண்டு வருஷம், உட்கார்ந்த இடம்கூடத் தீட்டு. கூட்டத்தில் ஒளிந்து வந்து வஸ்திரத்தைத் தொட்ட உடனேயே சுகமாகிவிட்டாள், யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். இயேசு விடவில்லை. மகள் சாகக்கிடக்கிறாள் என்று தவித்துக்கொண்டு கூட நடந்த ஜெபஆலயத் தலைவன் யவீருவையும் நிறுத்திவைத்து, எல்லார் முன்னாலும் அவளைப் பேசவைத்து, “மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்றார். ஜெபஆலயத்துக்குப் பொறுப்பானவன் அதைக் காதால் கேட்க வேண்டும் என்றே செய்ததாக எனக்குத் தோன்றுகிறது. உன் சபையில் பொறுப்பில் இருக்கிறவர்களும் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும், ஆயரிடம் நீயே போய்ப் பேசு, ஒதுங்கி நிற்காதே.

இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குப் பரீட்சை நடக்கிறது, முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வந்து நான்கு நாள் இருக்கலாம் என்று இருக்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? அந்தச் சமயத்தில் வந்தால் உனக்கும் ஒத்தாசையாக இருக்கும், தேதியை மட்டும் சீக்கிரம் எழுது, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
கிரேஸ்