காமன் கூத்து மாஸ்டர்மாருக்கும் மலையகத் தோட்டக் கோயில் கமிட்டியாருக்கும்: ஜிகினா பற்றி

வணக்கம்.

மாசியில் காமன் ஊன்றுவதற்கு (கூத்துக்குக் காமன் கம்பம் நடுவதற்கு) முன் டவுனுக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டில் "ஜிகினா" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அந்தப் பேரில் கடையில் நாலு சாமான் இருக்கிறது: சரிகை நூல், சம்கி, தாள், தூள். கிரீடத்துக்குத் தாள் கேட்டால் தூள் வந்து சேருவது அதனால்தான்.

சரிகை என்றால் நூல். பாரசீகத்தில் 'ஸர்' என்பது பொன். ஜரி, ஜரிகை, சரிகை எல்லாம் அதன் வழி. அசலில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை, அதன்மேல் பொன்முலாம். இரண்டு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: அசலில் உலோகம் மிஞ்சும், பிளாஸ்டிக் சுருண்டு மணியாகும். சம்கி துளைபோட்ட வட்டுத் துண்டு; இந்தியில் 'சமக்' என்றால் மினுக்கம். ஜிகினாவும் வந்த சொல்தான், முன்னால் நிற்கும் 'ஜ'வே காட்டிக்கொடுக்கும். ஜிகினாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் டின்சலை, 'டின்' என்ற தகரத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது தப்பு, தீப்பொறியைக் குறிக்கும் லத்தீன் 'சிந்தில்லா' பழைய பிரெஞ்சு வழியாக அப்படித் தேய்ந்தது. நமக்கென்று இருப்பது காக்காய்ப்பொன். பாறையில் ஏடு ஏடாக உரிந்து மினுங்கும் அபிரகத்துக்கும் அதே பேர். பொன் இல்லை என்று பேரிலேயே ஒத்துக்கொள்ளும் நேர்மை மற்றவற்றுக்கு இல்லை!

கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் வேண்டியது ஜிகினாத் தாள். 100 கிராம் கோதுமை மாவை அரை லீட்டர் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோல் வரும்வரை காய்ச்சினால் பசை. ஆனால் நம் பனிக்கு அது ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஓரம் கிளம்பும். பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையே நல்லது. மெல்லிசாகப் பூசுங்கள். தாளின் மினுக்குப் பக்கம் ஈரத்தை வெளியே விடாது, அட்டையின் முதுகு வழியாகத்தான் காயும். அதனால் முதுகுக்கு மறுநாள்தான் பெயின்ட். தாளை வழவழவென்று ஒட்டினால் ஒரு பக்கம் இருப்பவருக்கே மின்னும். முதலில் லேசாகக் கசக்கி விரித்து ஒட்டினால், எந்த மூலையில் நிற்பவருக்கும் ஒளி போகும்.

ரதியின் உடுப்பில் சம்கி தைக்கும்போது ஊசியைத் துளைவழி மேலே எடுத்து, ஒரு பாசிமணி கோத்து, அதே துளையில் இறக்குங்கள். பத்துக்கு ஒரு முடிச்சு. ஆட்டத்தில் நூல் அறுந்தாலும் பத்தோடு போகும். அயன் பண்ணாதீர்கள், சுருங்கும்.

மினுக்குத் தூளை முகத்தில் போடவே வேண்டாம். வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி விழியைக் கீறும்.

இப்போது வரும் தொங்கல்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். காமன் எரிக்கும் இரவில், பந்தம் பிடிப்பவர் உடுப்பிலிருந்து முதலில் அதை அறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கூத்து உடுப்பு கட்டுகிறவர்கள்