மூட்டு நீரைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

குன்னூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கே பனி கடுமை. வீட்டில் அனைவரும் நலம். கொடைக்கானலிலிருந்து வந்த உங்கள் கடிதத்தில், முடக்குவாதத்தால் முழங்கால் மூட்டில் கோத்திருந்த நீரை மருத்துவர் ஊசியால் எடுத்தபோது அது வெறும் தண்ணீராக ஓடியதென்றும், கெட்ட நீர் தொலைந்ததென்றும் எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய பழக்கம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

நலமான முழங்காலில் இருப்பது சில மில்லிலிட்டர் நீர்தான். ஒரு சொட்டை விரல்களுக்கிடையே வைத்து இழுத்தால் முட்டையின் வெள்ளைக்கருபோல நூல் விடும். அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் ஹயலூரானிக் அமிலம் என்னும் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறு. முடக்குவாதத்தில் மூட்டுக்குள் திரளும் வெள்ளணுக்கள் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வினைத்துடிப்புள்ள ஆக்சிஜன் சேர்மங்களை வெளியிடுகின்றன. இரும்பும் சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல் (ஜோடியில்லா எலக்ட்ரான் கொண்ட துகள்) உண்டாகிறது. அது குருத்தெலும்பை எட்டுமுன் அந்தத் தாக்குதலில் ஒரு பங்கை ஹயலூரானிக் அமிலம் தானே வாங்கிக்கொண்டு துண்டுதுண்டாகிறது. வீக்கத்தால் கசியும் ரத்தநீரும் கலக்க, நூல் விட்ட நீர் நீர்த்துப்போகிறது. ஆகவே நீங்கள் கண்டது கெட்ட நீரல்ல, அடிபட்ட நீர்.

1974-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜோ மெக்கார்ட் மாட்டின் மூட்டு நீரைக் கொண்டு இதைக் காட்டினார்: சூப்பர்ஆக்சைடு அதன் பிசுபிசுப்பைக் குலைத்தது, சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியைச் சேர்த்தபோது குலையவில்லை. அந்த நொதி மூட்டு நீரில் இயல்பாகவே மிகக் குறைவு என்பதுதான் வருத்தம். ரத்தத்திலிருந்து வரும் வைட்டமின் சி, யூரிக் அமிலம், இரும்பைப் பிடித்துவைக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஆகியவை ஓரளவு கைகொடுக்கின்றன.

இதைப் படித்துவிட்டு, முடக்குவாதத்துக்கு நீங்கள் எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை நிறுத்தி, வைட்டமின் சி இருக்கிறதென்று நெல்லிக்காயை நம்பிவிடாதீர்கள். உங்களை நான் அறிவேன். நெல்லிக்காய் தின்பதில் தவறில்லை. ஆனால் வெள்ளணுக்களின் படையெடுப்பையே அடக்குவது மருந்துதான்.

இன்னொன்று: வீங்கிய முழங்காலோடு நடந்தால் மூட்டுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும், ஓய்வெடுத்ததும் ரத்தம் திரும்பப் பாயும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் மேலும் பெருகும். வீக்கம் வடியும்வரை ஏரியிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏறும் மேட்டை ஆட்டோவில் கடந்துவிடுங்கள். வடிந்த பிறகு எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்த நீரின் பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு நகல் அனுப்புங்கள். வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க ஆவலாயிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்