மஞ்சள் ஹோஸ்டாவுக்கு ‘முழு நிழல்’ என்று சீட்டு ஒட்டி விற்பது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மஞ்சள் இலை ஹோஸ்டாக்களின் சீட்டில் உள்ள தவறான வெளிச்சக் குறிப்பு, அதையொட்டி உங்கள் பிரிவு தந்த தவறான ஆலோசனை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இலையின் அழகுக்காகவே வளர்க்கும் ஹோஸ்டா செடியில் மஞ்சள் இலை வகைகளை உங்களிடம் வாங்கினேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது மஞ்சளாக இல்லை. சில பச்சையாகிவிட்டன, சில கருகிவிட்டன. பச்சையானவை உங்கள் சீட்டில் போட்டிருந்தபடி நட்டவை. கருகியவை உங்கள் சேவைப் பிரிவு சொன்னதைக் கேட்டு இடம் மாற்றியவை. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தச் செடிக்கு ஏற்ற இடம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் எங்கேயும் எழுதவில்லை, கேட்டாலும் சொல்லவில்லை. என் புகார் அதுதான்.

முதலில் சீட்டு. சம் அண்ட் சப்ஸ்டன்ஸ், ஆகஸ்ட் மூன், பீட்மான்ட் கோல்டு என்று மூன்று வகை வாங்கினேன். மூன்றின் சீட்டிலும் இலை தங்கம் போல ஜொலிக்கும் படம், அதற்குக் கீழே ‘முழு நிழல்’ என்ற குறிப்பு. படம் உண்மையென்றால் குறிப்பு பொய், குறிப்பு உண்மையென்றால் படம் பொய். அந்தப் படத்தை எடுத்தவர் முழு நிழலில் வளர்ந்த செடியை எடுத்திருக்க வழியே இல்லை. இவற்றோடு வாங்கிய ஹால்சியன் என்ற நீல இலை வகைக்கும் அச்சு அசலாக அதே குறிப்புதான். அதற்கு அது சரி. நீல ஹோஸ்டாவின் நிறமே இலைமேல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சால் வருவது, வெயிலும் சூடும் ஏற ஏற அந்தப் பூச்சு போய் அடியிலிருக்கும் பச்சை தெரிந்துவிடும். ஆகவே அதை நிழலில் வைக்கச் சொல்வது நியாயம். மஞ்சள் இலையின் கதை நேர் எதிர். ஹோஸ்டா என்ற பெயரைப் பார்த்ததும் ஒரே சீட்டை அச்சடித்து எல்லாத் தொட்டியிலும் செருகியிருக்கிறீர்கள்.

மஞ்சள் வகைகளில் பச்சையம் குறைவு, அதனால்தான் இலையிலுள்ள மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. வெளிச்சம் போதாத இடத்தில் வைத்தால், கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள இலையில் பச்சையம் கூடும். பொன்மஞ்சள் முதலில் எலுமிச்சைப் பச்சையாகும், அப்புறம் வெறும் பச்சை. செடிக்கு இதனால் ஒரு கேடும் இல்லை, அது பாட்டுக்குத் தழைத்துக்கொண்டிருக்கும். ஆனால் நான் பச்சைச் செடிக்குப் பணம் கொடுக்கவில்லையே.

இதற்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. சம் அண்ட் சப்ஸ்டன்ஸ் செடியில் சற்றே வெளிச்சம் படும் ஓர் இலையின் படத்தை இணைத்திருக்கிறேன், பாருங்கள். அதன்மேல் இன்னோர் இலை பாதிவரை கவிந்திருந்தது. மேலே இருந்ததை விலக்கியபோது, மூடியிருந்த பகுதி பச்சையாகவும் வெளியே தெரிந்த பகுதி மஞ்சளாகவும் இருந்தது. மேலிலையின் வளைவான ஓரம் அப்படியே கோடு கிழித்தாற்போல் பதிந்திருக்கிறது. ஒரே செடி, ஒரே மண், ஒரே தண்ணீர். மாறியது வெளிச்சம் மட்டும்.

இதே படத்தோடுதான் உங்கள் பிரிவுக்கு முதலில் எழுதினேன். வந்த பதில்: “இலை மஞ்சளாவது வேரில் நீர் தேங்குவதன் அறிகுறி. தண்ணீரைக் குறைத்து இரும்புச்சத்து கொடுக்கவும்.” மஞ்சள் பச்சையாகிறது என்று நான் எழுத, பச்சை மஞ்சளாகிறது என்று நினைத்து யாரோ தயார்ப் பதிலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். சிரிப்புதான் வந்தது. விளக்கி மறுபடி எழுதியதற்கு, செடி இளசு, போகப்போக நிறம் வரும் என்றார்கள். இளஞ்செடியில் இலையின் அளவும் தடிப்பும் சுருக்கங்களும் முழுமையாக வரச் சில வருடங்கள் ஆகும் என்பது உண்மை. ஆனால் இருட்டு மூலையில் எத்தனை வருடம் இருந்தாலும் பொன்னிறம் வராது.

மூன்றாவது பதில்தான் காசுக்கே வேட்டு வைத்தது. “உடனே முழு வெயிலுக்கு மாற்றவும்” என்று ஒற்றை வரி. அது நடுக்கோடைக்காலம். எந்த நேரத்து வெயில், எத்தனை மணி நேரம், தண்ணீர் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்ட் மூனையும் பீட்மான்ட் கோல்டையும் மாற்றினேன். நிழலிலேயே விரிந்த இலைகள் மேற்கு வெயிலை எப்படித் தாங்கும்? நரம்புகளுக்கு இடையில் வெளுத்து, ஓரங்கள் பழுப்பாகி, தொட்டால் மொறமொறவென்று உடையும் நிலைக்கு வந்துவிட்டன. கருகிய இலை திரும்பப் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகாது, அடுத்த வசந்தத்தில் புதுத் தளிர் வரும்வரை அந்தக் கோலம்தான்.

சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்? காலை இளவெயில் இரண்டு முதல் நான்கு மணி நேரம், உச்சிப்பொழுதுக்குப் பிறகு நிழல். கோடை கடுமையாக இருக்கும் ஊரில் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், குளிர்ச்சியான ஊரில் இன்னும் கூடுதலாகவே தாங்கும். வெயில் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் மழை அளவு என்பது பொதுக் கணக்கு, வெயிலில் நிற்கும் செடிக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். இடம் மாற்றுவதென்றால் தளிர் விடும் வசந்த காலத் தொடக்கத்திலோ, வெயில் தணிந்த இலையுதிர் காலத்திலோ மாற்ற வேண்டும். இதையெல்லாம் அச்சடிக்க நான்கு வரி போதும். உரம் பற்றி உங்கள் சீட்டில் அதைவிட நீளமாக எழுதியிருக்கிறீர்கள்.

வகைக்கு வகை வித்தியாசமும் உண்டு. 2004-ல் அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் ஆண்டின் சிறந்த ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்த சம் அண்ட் சப்ஸ்டன்ஸுக்குத் தடித்த இலை, மற்றவற்றைவிட வெயிலைத் தாங்கும். கோல்டு ஸ்டாண்டர்டு பச்சையாக முளைத்து, வெளிச்சம் கிடைத்தால்தான் நடுப்பகுதி பொன்னாகும், வெயில் மிஞ்சினால் வெளிறிவிடும். ஆல்போபிக்டா போன்றவை மஞ்சளாக முளைத்துக் கோடையில் தாமாகவே பச்சையாகிவிடும், அது அவற்றின் சுபாவம். உங்கள் பட்டியலில் கடைசி இரண்டும் இருக்கின்றன, வசந்தகாலப் படத்தோடும் அதே முழு நிழல் குறிப்போடும். வாங்குகிறவர் எதை நம்புவார்?

நிழலில் பச்சையான சம் அண்ட் சப்ஸ்டன்ஸுக்கு நான் பணம் கேட்கவில்லை. செடி நன்றாக இருக்கிறது, இலையுதிர் காலத்தில் கிழக்குப் பக்கம் மாற்றி நானே பார்த்துக்கொள்கிறேன். கருகிய இரண்டு வகைகளுக்கும் உரிய முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், அவை உங்கள் பிரிவின் எழுத்துபூர்வமான ஆலோசனையால் கெட்டவை. மாற்றுச் செடி இப்போது வேண்டாம், இந்தக் கோடையில் அனுப்பினால் அதுவும் வாடித்தான் வந்து சேரும். அடுத்த விற்பனைக் காலத்துக்கு முன் மஞ்சள் வகைகளுக்கென்று தனிச் சீட்டு அச்சிடப்படுமா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

வாங்கிய ரசீது, சீட்டுகளின் படங்கள், உங்கள் மூன்று பதில்களின் நகல், இலைகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தயவுசெய்து இந்த முறை கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்