அன்டெனாவுக்கு முதல் அப்பா சொல்வதைக் கேள்

அன்பின் மகனுக்கு,

நாங்கள் சுகம். மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நீயும் சுகமாக இருப்பாய். கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. இனி மாரி தொடங்கும் மட்டும் வெக்கைதான்.

நேற்று நீ கதைக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்தபடியால் நான் வாயைத் திறக்கவில்லை. பரசூட்டோடு கட்டிடம், பாலம், மலை மூன்றிலிருந்தும் குதித்து முடிந்தது, அன்டெனா மட்டும் மிச்சம், அதிலிருந்தும் குதித்துவிட்டால் நாலையும் முடித்தவர்களுக்குக் கொடுக்கிற பேஸ் எண் கிடைக்கும் என்றாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரியப்பா, சரியப்பா" என்று கடத்திவிடுவாய்.

குதிக்காதே என்று எழுதப்போவதில்லை. மின்கம்பத்தில் ஏறித்தான் உங்களைப் படிப்பித்தேன். உயரத்துக்குப் பயப்படு என்று நான் எந்த வாயால் சொல்ல? ஆனால் அன்டெனா எனக்குத் தெரிந்த சாமான்.

மத்திய அலை வானொலிக் கோபுரம் என்றால், மேலே தனியாக ஓர் அன்டெனா இருக்காது. பெரும்பாலும் அந்த இரும்புக் கோபுரம் முழுவதுமே அன்டெனாதான். அடியில் பீங்கானில் நிற்கும், கோபுரம் முழுக்க மின்சாரம் இருக்கும். ஒரு கால் நிலத்திலும் ஒரு கை இரும்பிலும் பட்டால், நடுவில் நீதான் வயர். மற்றக் கோபுரங்களில் பண்பலையும் தொலைக்காட்சியும் உச்சியில் இருக்கும். அதற்குக் கிட்டப் போனால் சதை உள்ளுக்குள் வெந்துவிடும். சத்தமும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. பழுது பார்க்க ஏறுகிறவர்களுக்காக நிலையத்தில் சக்தியைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் நிறுத்துவார்கள். நீங்கள் இரவில் வேலி பாய்ந்து போனால் உங்களுக்காக யார் நிறுத்துவது?

அப்புறம் இழுவைக் கம்பிகள். மூன்று பக்கமும், தட்டுத் தட்டாக, தூரத்து நிலம் வரைக்கும் இறங்கும். இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியால்தான் நீ பறந்து வெளியே வரவேண்டும், காற்றும் முதுகுப் பக்கமாக அடிக்க வேண்டும். பரசூட் நேரே விரியாமல் கொஞ்சம் திரும்பி விரிந்தால் கம்பிக்குள்தான் போவாய். பட்டப்பகலிலேயே அந்தக் கம்பியை வானத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவில் எப்படிப் பார்ப்பாய், மனே?

உன் சாமானில் எனக்குக் குறை இல்லை. போன முறை வந்தபோது நீயும் அந்தத் தாடிக்கார நண்பனும் அதை ஹோலில் விரித்து மடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கதிரை, மேசை எல்லாம் விறாந்தைக்குப் போனது. ஏழு அறை வைத்துத் தைத்த துணி, ஒவ்வொரு நூலாக விரலால் பிரித்துப் பார்த்தாய். மடிப்புக் குலையாமல் இருக்க அம்மாவின் உடுப்புக் கிளிப்பை எடுத்து மாட்டினாய். அவன் எதிர்ப்பக்கம் குந்தியிருந்து நூல்களைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டான். நீ மடித்த ஒவ்வொரு மடிப்பையும் அவன் தொட்டுப் பார்த்துத் தலையாட்டின பிறகுதான் அடுத்ததுக்குப் போனாய். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததை இரண்டு பேரும் காணவே இல்லை.

ஸ்லைடர் என்று அந்த வலைத்துணியைக் காட்டினாய். கனநேரம் விழுந்து வேகம் கூடின பிறகு திறக்கும்போது பரசூட் வெடித்ததுபோல் விரியாமல் அது நூல்களைச் சேர்த்துப் பிடித்து ஆறுதலாக இறங்கும். உயரம் குறைந்த இடத்தில் அந்த ஆறுதலுக்கு நேரம் இல்லை, அதனால் அதைக் கீழேயே கட்டிவிடுவீர்கள், அல்லது கழற்றிவிடுவீர்கள். பெரிய பரசூட்டை இழுத்து வெளியே எடுக்க, கையில் பிடித்துக்கொண்டு பாய்கிற பைலட் சூட் என்ற குட்டிப் பரசூட்டும் அப்படித்தான். உயரம் குறையக் குறையப் பெரியது வேண்டும், 46 அங்குலம் என்று ஒன்றைக் காட்டினாய். அப்போது அம்மா கேட்டா, "இது விரியாவிட்டால் மற்றது எங்கே?" விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்றுதான், இரண்டாவதை இழுக்க நேரம் இருக்காது என்று நீ சொன்னாய். அவ எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. அதற்குப் பிறகு அவ அதைப் பற்றி உன்னிடம் கேட்டதே இல்லை, கவனித்தாயா?

நேரத்தைப் பற்றி நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் விநாடியில் 5 மீட்டர், இரண்டு முடிய 20, மூன்று முடிய 44. பாலமீன்மடு வெளிச்சவீடு கிட்டத்தட்ட 28 மீட்டர். அதன் உச்சியிலிருந்து தரைக்கு இரண்டரை விநாடிகூட இல்லை. நீ முதலில் பழகின அமெரிக்காவின் பெரைன் பாலம் 148 மீட்டர், ஆறு விநாடிக்குள் தண்ணீர். நோர்வேயின் ஷெராக் மலையில் ஃபியோர்டுக்கு, அந்தக் கடல்நீர்ப் பள்ளத்தாக்குக்கு, மேல் 984 மீட்டர் இருக்கிறது, அங்கே உடம்பைச் சாய்த்துப் பாறையை விட்டுத் தள்ளிப்போக உனக்கு நேரம் இருக்கிறது. விரிந்ததும் பாறையைப் பார்த்துத் திரும்பியிருந்தால் பிரேக்கைத் தேடாமல், தோளிலிருந்து நூல்களுக்குப் போகிற பின்பட்டியை இழுத்துத் திருப்ப வேண்டும் என்று சொல்லித் தந்ததும் நீதான். அன்டெனாவில் அந்த இழுவைக்கும் இடம் இல்லை.

எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். கார்ல் போனிஷ் என்றவர் 1978 ஆகஸ்டில் அமெரிக்காவின் எல் கப்பிட்டான் மலையில் ஆட்களைக் குதிக்கவைத்துப் படம் பிடித்தார், அங்கிருந்துதான் இது பரவினது என்று நீ சொன்னபோது எனக்கு அந்த வருடம் மனதில் ஒட்டிக்கொண்டது. அதே வருடம் நவம்பர் 23இல்தான் எங்களுக்குச் சூறாவளி அடித்தது. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தத்தான் நான் முதலில் வேலைக்குப் போனேன். பேஸ் எண்களில் நாலாவது போனிஷுக்கு. 1984இல் அவர் உங்கள் நோர்வேயிலேயே, ட்ரோல் சுவர் என்ற செங்குத்துப் பாறையில் குதித்துத்தான் செத்தார். பிறகு 1986இல் அந்த இடத்தில் குதிப்பதையே தடை செய்தார்கள். எண் இருந்ததால் பாறை அவருக்கு விலகி நிற்கவில்லை. நீ எண் இல்லாமலே ஷெராக்கில் குதிக்கிறாய், உன் கூட்டாளிகள் உன்னை அவர்களில் ஒருவனாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டாளிகளைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். யுத்தகாலத்தில் ஒருநாள் செங்கலடிப் பக்கம் லைனை வெட்டிவிட்டு வேலை. நான் பாதிக் கம்பம் ஏறிவிட்டேன். கீழே நின்றவர் என்னைவிட மூத்தவர், அதிகம் கதைக்கமாட்டார். "இறங்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். "முதலில் இறங்கு" என்றார். இறங்கினேன். வயல் தாண்டி எங்கோ ஒரு ஜெனரேட்டர் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதை வீட்டு வயரிங்கோடு நேரே கொழுவியிருந்தார்கள், வெட்டின லைனுக்குள் கரண்ட் திரும்பி வந்திருந்தது. சோதித்துப் பார்த்தபோது விளக்கு எரிந்தது. அவர் ஒரு நிமிடம் என்னோடு வாதாடியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை, நீயும் இல்லை.

உன் தாடிக்காரனும் அப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு விளங்கினது ஷெராக் கதையில்தான். மணிக்கணக்காக நடந்து ஏறி, உடுப்புப் போட்டு, விளிம்பில் நின்ற பிறகு, காற்று சரியில்லை என்று அவன் ஒருவன் சொன்னான், ஆறு பேரும் திரும்பி நடந்து இறங்கினீர்கள். கீழே படகோடு காத்துக்கொண்டிருந்தவருக்கும் போன் பண்ணிச் சொன்னீர்கள். ஒருவரும் அவனைக் கோழை என்று சொல்லவில்லை, அன்றிரவு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டீர்கள் என்றாய். நீ பாய்ந்து காட்டின வீடியோக்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்த இறங்கின கதைதான் பெரிது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நித்திரை கொள்கிறேன்.

அதனால் கேட்கிறேன், இந்த அன்டெனா யோசனையை அவனிடம் சொன்னாயா? நேற்று நீ சொன்ன பெயர்களில் அவன் பெயர் இல்லை. அவன் வராத கூட்டத்தோடு, இரவில், அனுமதியில்லாத கோபுரத்துக்குப் போகாதே. எப்போதாவது ஒரு நிலையம் சக்தியை நிறுத்தி, பகலில், எழுத்தில் அனுமதி தந்து, அவனும் கீழே நின்று காற்றைப் பார்க்கிறான் என்றால் போ, நான் மறிக்கமாட்டேன். அதுவரைக்கும் எண் கிடக்கட்டும்.

அவன் போன் நம்பரை எனக்கு அனுப்பு. என் இங்கிலீஷ் போதும், கம்பி, கரண்ட், காற்று பற்றித்தானே கதைக்கப்போகிறேன்.

அம்மா மீன்தூளும் நெத்தலிக் கருவாடும் கட்டி வைத்திருக்கிறா, ஒஸ்லோவுக்கு வருகிற உன் சின்னம்மாவிடம் கொடுத்துவிடுகிறோம், போய் எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் எடு, அம்மா கோயிலுக்குப் போயிருப்பா, இரண்டு பேரும் ஆறுதலாகக் கதைக்கலாம்.

அன்புடன்
அப்பா
கல்லடி, மட்டக்களப்பு