ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு: மோசடிக் கணக்கில் சமரசம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். வசதி இருந்தும் வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்கள், மோசடிக்காரர்கள் என வகைப்படுத்தப்பட்டவர்கள், இவர்களோடும் வங்கிகள் சமரசம் பேசி, பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிறது அது. இயக்குநர் குழு ஒப்புதல் தந்தால் போதும். வங்கி அதிகாரிகள், ஊழியர்களின் சங்கங்கள் அப்போதே எதிர்த்தன. குற்ற வழக்கு தனியே நடக்கும், தண்டனை நடவடிக்கைகளும் தொடரும் என்று விளக்கம் வந்தது. நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

ஏல நாளன்று கிளையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். அரக்கு முத்திரை வைத்த பொட்டலத்தை உடைப்போம். மதிப்பீட்டாளர் கம்மலை உரைகல்லில் உரசிப் பார்ப்பார். "வட்டியை மட்டும் இப்பக் கட்டிடறேன் சார், அறுப்பு முடிஞ்சதும் மீட்டுக்கிடறேன்" என்று நகைக்குரிய அம்மா கவுண்டரில் நின்று கேட்பார். நோட்டீஸ் கெடு தாண்டிவிட்டது என்போம். அவருக்காக எந்த இயக்குநர் குழுவும் கூடியதில்லை. அவர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. மழை பொய்த்தது, அவ்வளவுதான்.

வறுமைதான் குற்றத்துக்கு வேர் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 1939இல், அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் அதை மறுத்தார். மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தொழிலின் பேரில் செய்யும் குற்றங்களை அவர் ஆராய்ந்தார். 70 பெரிய நிறுவனங்களுக்கு எதிராக வந்த 980 முடிவுகளில் 158 மட்டுமே குற்றவியல் நீதிமன்றங்கள் தந்தவை. மற்றவை உரிமையியல் நீதிமன்றங்களிலும் ஆணையங்களிலும் சமரசங்களிலும் முடிந்தன. அதனால் பணக்காரர் செய்தது குற்றக் கணக்கிலேயே ஏறவில்லை. 1949இல் இந்த ஆய்வு நூலாக வந்தபோது, அவதூறு வழக்குக்கு அஞ்சி நிறுவனங்களின் பெயர்களை நீக்கினார்கள். அவை அச்சேற 1983 ஆனது.

உங்கள் சுற்றறிக்கையும் அதே பாதையைத்தான் திறந்துவிடுகிறது. பணம் கைக்கு வந்த பிறகு, வழக்கை விடாமல் நடத்த எந்த வங்கிக்கு அக்கறை இருக்கும்? முடங்கிய பணம் கொஞ்சமாவது திரும்பட்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. நேர்மையாக நொடித்தவருக்கு அது பொருந்தும். ஏமாற்றியவருக்குப் பொருந்தாது.

மோசடிக் கணக்குகளைச் சமரசப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அதுவரை, இப்படி முடிக்கப்படும் ஒவ்வொரு கணக்கிலும் நிறுவனத்தின் பெயர், பாக்கி, தள்ளுபடியான தொகை, ஒப்புதல் தந்த இயக்குநர்கள் யார் யார் என்பதை வங்கிகள் வெளியிட வேண்டும் என உத்தரவிடுங்கள். நகை ஏலத்துக்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறோமே, அதே பக்கத்தில் இதுவும் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்