சின்னுவின் தண்ணீர்க் கிண்ணம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்தில். இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு வேலை மாற்றம் உறுதியாகிவிட்டது, மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இதையெல்லாம் விவரமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சனிக்கிழமை ராத்திரி நீ அனுப்பிய அந்த வீடியோ கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

உன் நாய் சின்னுவின் கிண்ணத்தில் யாரோ பீர் ஊற்றுகிறார்கள். அவன் நக்கிக் குடிக்கிறான். அப்புறம் சோபாவில் ஏறப் பார்த்து, பின்னங்கால் வழுக்கி, அப்படியே சரிந்து விழுகிறான், எல்லோரும் சிரிக்கிறீர்கள். ஊற்றியது உன் கை இல்லை. உன் கை எனக்குத் தெரியாதா? ஆனால் சிரிப்பில் உன் சத்தமும் இருந்தது. மூன்று வாரமாக என் போனை எடுக்காத பிள்ளை, ராத்திரி 2.40-க்கு இதை அனுப்பியிருக்கிறாய்.

சின்னு எப்படி இருக்கிறான்? முதலில் அதற்குப் பதில் போடு. சாப்பிடுகிறானா, வாந்தி எடுத்தானா, நேராக நடக்கிறானா?

அக்கா வீட்டு நாயைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இது எத்தனை கிலோ?" என்றுதான் முதலில் கேட்டார். 4 கிலோ என்றேன். கணக்குப் போட்டுக் காட்டினார். நீ 60 கிலோ இருப்பாய், அவனைப் போல் 15 மடங்கு. அந்தக் கிண்ணத்தில் 100 மில்லி பீர் இருந்திருந்தால், அவன் உடம்புக்கு அது நீ ஒன்றரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்த மாதிரி. அது பீர் என்பதால் இந்தக் கணக்கு. விஸ்கி மாதிரி 40 சதவீதச் சரக்காக இருந்து, வெறும் 30 மில்லி உள்ளே போயிருந்தால், அவனுக்கு அது உனக்கு 450 மில்லி. உங்களுக்கு வேடிக்கைக்கு ஒரு மடக்கு. அந்தச் சின்ன உடம்புக்கு அது அரை பாட்டிலுக்கு மேல்.

அவன் விழுந்தது வேடிக்கை இல்லை தம்பி. விஷம் ஏறிய உடம்பு விழுவது அப்படித்தான். குடித்த அரை மணி, ஒரு மணிக்குள் ஆரம்பித்துவிடும், வெறும் வயிறென்றால் இன்னும் சீக்கிரம். தள்ளாட்டம், வாந்தி, எச்சில் ஒழுகுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது. அதோடு நின்றால் நல்லது. நிற்காமல் போனால் உடம்புச் சூடு இறங்கும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், வலிப்பு வரலாம், மூச்சு மெதுவாகிக்கொண்டே போகும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் தூங்குகிற மாதிரிதான் இருக்குமாம். அந்த வீடியோ முடிகிற இடத்தில் சின்னு சோபாவுக்குக் கீழே படுத்திருக்கிறானே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், வயிறு ஏறி இறங்குகிறதா என்று.

இனிமேல் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. நீ கொடுக்கமாட்டாய், தெரியும். கொடுப்பவர்களைத் தடுக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடு. குடித்து மிச்சம் வைத்த டம்ளரைத் தரையில் வைக்காதே, கட்டிலுக்குப் பக்கத்திலும் வைக்காதே.

நீ ஏதாவது மறுத்துச் சொல்வாய், உனக்குத்தான் எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்குமே. அக்கா சொன்னாள், உன் நண்பன் ஒருவன் "டாக்டர்களே நாய்க்கு ஆல்கஹால் ஏற்றுவார்கள்" என்றானாம். அதையும் மருத்துவரிடம் கேட்டேன். உண்மைதானாம். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற ஆன்டிஃப்ரீஸ் இனிப்பாக இருக்கும், சில நாய்கள் நக்கிவிடும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்காலைக் கல்லீரல்தான் கொடிய விஷமாக மாற்றுகிறது, அது சிறுநீரகத்தை அழித்துவிடும். மாற்றுகிற அந்த நொதியை வேறு வேலையில் மாட்டிவைக்க, நரம்பு வழியாக அளந்து அளந்து ஆல்கஹால் ஏற்றுவார்களாம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு. இப்போது அதற்கும் ஃபோமெபிசோல் என்று அதைவிட நல்ல மருந்து இருக்கிறதாம். ஒரு விஷத்தைத் தடுக்க ஆஸ்பத்திரியில் செய்வதும், ராத்திரி இரண்டு மணிக்குக் கிண்ணத்தில் ஊற்றுவதும் ஒன்றா, நீயே சொல்.

ஒயின் கொடுத்தால் பரவாயில்லையா என்று யாராவது ஆரம்பித்தால் அதுவும் கூடாது. திராட்சையே நாய்க்கு ஆகாது, சில நாய்களுக்குச் சிறுநீரகம் நின்றுவிடும். ரம்மில் ஊறிய உலர்திராட்சை போட்ட கேக்கில் இரண்டு விஷமும் சேர்ந்து இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுகிற பைத்தியம் உன் கூட்டத்தில் யாருக்காவது இருந்தால், அந்த ஹாப்ஸ் பூவைத் தின்றாலே நாய்க்கு உடம்பு அனலாகக் கொதித்து ஆளையே கொண்டுபோகும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவைத் தின்றால் வயிற்றுக்குள்ளேயே புளித்துச் சாராயமாகிவிடும், வயிறும் உப்பிவிடும். கைக்குத் தடவுகிற சானிடைசர், சென்ட், வாய் கொப்பளிக்கிற மருந்து எல்லாம் மேல் அலமாரியில் இருக்கட்டும். நாய்க்கென்றே "பீர்" என்று பெயர் போட்டு விற்பதில் சாராயமே கிடையாது, எலும்புச்சாறு மாதிரி ஏதோ ஒன்றாம். அவனையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ள ஆசையாக இருந்தால் சுத்தமான தண்ணீர் வை. அவனுக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று அவன் பார்ப்பதில்லை. நீ ஊற்றினால் எதையும் குடிப்பான்.

தெரியாமல் எப்போதாவது குடித்துவிட்டால், காத்திருந்து பார்க்கலாம் என்று இருக்காதே. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே, உப்பே விஷமாகிவிடும். காபி கொடுத்தால் தெளியும் என்பார்கள், அதுவும் நாய்க்கு ஆகாது. பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றாதே, ஏற்கெனவே சூடு இறங்குகிற உடம்பு. போர்வையில் சுற்றி உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல். வெட்கப்பட்டு மறைக்காதே. கரியைக் கொடுத்து இதை உறிஞ்ச முடியாது, முறிக்கவும் மருந்து இல்லை. ஆனால் சலைன், குளுக்கோஸ், கதகதப்பு, தேவைப்பட்டால் ஆக்ஸிஜன் என்று தாங்கிப் பிடித்தால், நேரத்துக்குக் கொண்டுபோன நாய்கள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தேறிவிடுமாம். சீக்கிரம் போவதுதான் முக்கியம் என்றார். அதனால் டம்ளரைத் தரையில் வைக்காதே.

நீ நல்லவன் தம்பி. தெருவில் அடிபட்டுக் கிடந்த சின்னுவை உன் ஒரே நல்ல சட்டையில் சுற்றித் தூக்கி வந்து, மாதம் முழுக்க ராத்திரி எழுந்து எழுந்து மருந்து கொடுத்தவன் நீ. அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். அந்தப் பிள்ளை எங்கே போயிற்று அந்த வீடியோவில்? அவன் விழுந்தபோது நீ ஏன் எழுந்து போய்த் தூக்கவில்லை? எழுந்திருக்க முடியாமல் இருந்தாயோ என்று ஒரு நினைப்பு வருகிறது, அதை அப்படியே தள்ளிவிட்டு, மேஜையில் தெரிந்த பாட்டில்களை எண்ணுவதையும் நிறுத்திவிட்டு, சின்னுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்பா அதை விட்டு 11 வருஷம் ஆகிறது. அவர் வீடியோவைப் பார்க்கவில்லை. நான் காட்டவில்லை.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். ஆனால் மருத்துவரிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன், அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்பினால் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நம் நாய்க்குட்டி மணியைப் பற்றிக் கேட்டேன்.

உனக்கு 8 வயது. மணிக்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. சாயங்காலம் நீயே அவனைக் குளிப்பாட்டினாய், ராத்திரி நடுங்க ஆரம்பித்தான், விடியும்போது இல்லை. "நான் குளிப்பாட்டினதாலதானேம்மா" என்று கேட்டுக் கேட்டு அழுதாய். இன்றுவரை சின்னுவைக் குளிப்பாட்ட வெளியே ஆளைக் கூப்பிடுகிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

அன்று நீ தூங்கிய பிறகு, அப்பா ஒளித்து வைத்திருந்த இடத்திலிருந்து பிராந்தியை எடுத்து, பாலில் இரண்டு ஸ்பூன் கலந்து மணிக்குப் புகட்டியது நான். குளிருக்கு இதம் என்று நினைத்தேன். முன் அறையில் தொங்கிய அந்தப் படம் ஞாபகம் இருக்கிறதா, பனியில் ஒரு பெரிய நாய், கழுத்தில் சின்னப் பீப்பாய். பனியில் விறைத்தவர்களுக்குப் பிராந்தி கொண்டுபோகும் நாய் என்று உனக்கே கதை சொல்லியிருக்கிறேன். அந்தப் பீப்பாயே ஓவியர் கற்பனையாம். லாண்ட்சீர் என்ற ஆங்கிலேயர், பதினேழு பதினெட்டு வயது பையன், 1820 வாக்கில் வரைந்த படத்திலிருந்து வந்ததாம். ஆல்ப்ஸ் மலை மடத்துத் துறவிகள் அப்படி எதையும் நாய் கழுத்தில் கட்டி அனுப்பியதில்லையாம். குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி வந்து சூடு ஏறுகிற மாதிரி தோன்றும், உண்மையில் உள்சூடு அந்தத் தோல் வழியாகத்தான் வெளியே போகிறது. குட்டிகளுக்கோ சேமிப்பில் சர்க்கரையும் கிடையாது. நடுங்குகிற குட்டிக்கு வேண்டியது சூடும் சர்க்கரையும், நான் கொடுத்தது இரண்டையும் பறிக்கிற பொருள். மருத்துவர் மென்மையாகத்தான் சொன்னார். குட்டிக்கு வேறு ஏதோ காய்ச்சலும் இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம். ஆனால் புகட்டிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, இதம் கிடைத்துவிட்டது என்று நினைத்து நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் எனக்குப் புரிந்துவிட்டது, முழுசாக இல்லை, பாதி. பிராந்தி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீ அழுதபோதாவது சொல்லியிருக்கலாம். 8 வயதுப் பிள்ளையின் தலையில் அதைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்று மட்டும் இல்லை, 21 வருஷம். அந்த வீட்டில் நான் பேசாமல் இருந்த விஷயம் அது ஒன்று மட்டும் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். இப்போதும் பார், நாய் நாய் என்றே எழுதிக்கொண்டு இருக்கிறேன். நீயும் குடிக்கிறாய், அதிகமாகக் குடிக்கிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இதோ எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பி வருகிறேன். நான்கு நாள் இருப்பேன். வேண்டாம் என்று சொல்லாதே, டிக்கெட் எடுத்தாயிற்று. வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எதையும் ஒளித்து வைக்காதே. அதுவரை டம்ளரை மேலே வை, சின்னுவை உன் கட்டிலிலேயே படுக்கவை.

மணியை நீ நன்றாகத்தான் துவட்டியிருந்தாய். நான் பால் புகட்டும்போது தொட்டுப் பார்த்தேன், காதுக்குள்ளேகூட ஈரம் இல்லை.

அம்மா