இரும்பை நம்பும் மகளுக்கு

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை முழுதாக வாசித்தேன். ஐதரசனையும் ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருட் கலத்தில், தாக்கத்தை வேகப்படுத்தும் ஊக்கியாகப் பிளாற்றினத்துக்குப் பதில் இரும்பை வைக்கப் பார்க்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1839இல் வில்லியம் குரோவ் ஐதரசனையும் ஒட்சிசனையும் வைத்து மின்சாரம் எடுத்தபோதே பிளாற்றினம்தான் மின்வாய். இன்றைய ஐதரசன் கார்களின் கலங்களிலும் அதே உலோகம், காபன் தூளின்மேல் சில நனோமீற்றர் துகள்களாக. ஐதரசன் பக்கம் கொஞ்சம் போதும். அடம்பிடிப்பது ஒட்சிசன்தான். நான்கு இலத்திரனும் நான்கு புரோத்தனும் போய்ச் சேர்ந்தால்தான் அது நீராகும். 1.23 வோல்ற்று வரவேண்டிய கலம் வேலை செய்யும்போது 0.7 அளவில் நிற்பதற்கு முதற்காரணம் இந்த மந்தம்தான்.

வாசிக்கும்போது உன் தாத்தா வேலை செய்த தேயிலை பெக்டரி ஞாபகம் வந்தது. ரோலரில் நசுங்கிய கொழுந்து பச்சை மாறிச் செந்நிறமாகிறதே, அங்கேயும் ஒட்சிசன் இலத்திரன் வாங்கி நீராகிறது. அதை நடத்தும் நொதியத்தின் நடுவில் இரண்டு செம்பு அணுக்கள். பிளாற்றினம் இல்லை, சூடேற்றவும் தேவையில்லை. பூஞ்சணங்களில் இருக்கும் லக்கேசு நொதியத்தில் நான்கு செம்பு. அதை எரிபொருட் கலத்தின் ஒட்சிசன் பக்க மின்வாயான கதோட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மலிவான உலோகத்தால் முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதே. உலோகம் எது என்பதைவிட, அதைச் சுற்றிப் பிடித்திருப்பது எது என்பதே பெரிது. உன் இரும்பை நைதரசன்கள் பிடித்திருப்பதும் அப்படித்தானே?

ஆனால் ஆயுள்தான் குறை. திறன் சீக்கிரம் இறங்குகிறது என்று கடைசிப் பந்தியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை முன்னுக்குக் கொண்டுவா, மகள். என் பார்வையில் உன் ஆய்வே அதுதான். ஒட்சிசன் இலத்திரன் வாங்கி நீராகும் தாழ்த்தல் பாதியில் நின்றால் ஐதரசன் பரவொட்சைட்டு வரும். கழன்ற இரும்பு அதோடு சேர்ந்தால் எதையும் தாக்கும் சுயாதீன மூலிகங்கள் பிறந்து காபனையும், இரண்டு மின்வாய்களுக்கும் நடுவிலிருக்கும் மென்சவ்வையும் அரிக்கும். முதல் நாள் வேகத்தைக் காட்டிப் பாராட்டு வாங்குவது லேசு.

பிளாற்றினத்தோடு கோபாற்றைக் கலந்து அளவைக் குறைப்பதும் நல்ல வேலைதான். என்றாலும் நான் இரும்பின் பக்கம். நம் மலைத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் தலைக்கு மேலால் கம்பியில் போன காலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் குப்பி விளக்குதான் எரிந்தது. விலை கூடிய உலோகத்தை நம்பிய எதுவும் இங்கே கடைசியாகத்தான் வந்து சேரும். அதனால்தான் உன் வேலையை இவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, அம்மா தேயிலைத் தூளும் மாசிச் சம்பலும் பார்சல் கட்டுகிறாள். நீ எனக்கு ஒன்று எழுது: முதலில் இரும்பு கழல்கிறதா, காபன் அரிபடுகிறதா? அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறாய்?

அன்புடன்,
அப்பா